ஏழு பன்னிரண்டு முதல் ஏழு இருபத்தொன்று வரை

நகரசபைக் கூட்டத்தின் குறிப்பை எழுதுவது என் வேலை.
இருபத்தொன்பது நாற்காலிகள், ஒரு மணி,
எதிரே பொதுமக்களுக்கு நான்கு பெஞ்சு.
வரலாம், உட்காரலாம், கேட்கலாம்.
பேசக் கூடாது.
பாரிஸிலிருந்து ஒன்பதாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்தும்
களைக்காத விதி இது.

நவம்பர் கடைசி வியாழன்.
பதினான்காம் பொருள், ஓடைத் தரைப்பாலம்.
மதிப்பீடு நாற்பத்து மூவாயிரம் யூரோ.
மேயர் தனியாகக் கையெழுத்திட
சபை கொடுத்த வரம்பு நாற்பதாயிரம்.
மார்ச் கூட்டத்துக்குத் தள்ளலாம் என்றார் நிதிக்குப் பொறுப்பான தெவானேன்.
பல தலைகள் ஆடின,
மின்விசிறிக் காற்றில் ஆடுவது போல.

அப்போது கடைசி பெஞ்சில் ஒருத்தி எழுந்தாள்.
சோலாஞ்ச் மினாட்சி. கரும்பு லாரி ஓட்டுபவள்.
(கப்பலிலிருந்து இறங்கிய ஒரு மீனாட்சியை
அன்றைய குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியதில்
இன்று ஆண்களுக்கும் அதுவே குடும்பப்பெயர்.
எங்கள் தொழிலில் பிழைக்கு ஆயுள் கெட்டி.)
மழைக்கோட்டைக் கழற்றவில்லை. தரையில் நீர் சொட்டியது.
வாய் திறக்கவில்லை. நின்றாள்.

மேயர் என்னைப் பார்த்தார்.
விதிப் புத்தகத்தைப் புரட்டினேன்.
நிற்பதைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

மணியைத் தட்டினார்.
'கூட்டம் இடைநிறுத்தப்படுகிறது.'
மணி ஏழு பன்னிரண்டு. பேனாவை மூடினேன்.
இடைநிறுத்தத்தில் நடப்பது நடப்பதில்லை.

நடக்காத அந்த நேரத்தில் அவள் சொன்னது:

'போன செவ்வாய் பாலத்துக்கு மேலே தண்ணி.
நடுவுல பள்ளிக்கூட பஸ், எஞ்சின் நின்னு போச்சு.
உள்ளே பன்னிரண்டு பிள்ளைங்க.
என் லாரியை மேல்பக்கமா இறக்கிக் குறுக்கே நிறுத்தினேன்,
தண்ணி அதுல மோதி உடையட்டும்னு.
பதினெட்டு டன் கரும்பு இருந்தது. அதான் லாரி நின்னுச்சு.
டிசம்பர்ல வெட்டு முடிஞ்சிடும்.
ஜனவரில லாரி காலி.'

உட்கார்ந்துவிட்டாள்.

'இரண்டு பில்லாக வெட்டினால்
நாளைக்கே மேயர் கையெழுத்திடலாமே' என்றது ஒரு குரல்.
கணக்கு அதிகாரி அம்மா கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்:
'வெட்டினால் அடுத்து நாம் நிற்பது நீதிமன்றத்தில்.'
யாரோ இருமினார்கள்.
தெவானேன் தன் காகிதத்தின் மூலையை
மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.
அவர் பேத்தி அந்தப் பஸ்ஸில் போகிறவள் என்பது
ஊரில் எல்லோருக்கும் தெரியும்,
குறிப்பேட்டுக்குத் தெரியாது.

ஏழு இருபத்தொன்று. மணி.
தள்ளிவைப்பு யோசனை திரும்பப் பெறப்பட்டது.
செலவுக்கு அனுமதி கோரி வாக்கெடுப்பு:
ஆதரவு பதினைந்து, எதிர்ப்பு பன்னிரண்டு, நடுநிலை இரண்டு.
தீர்மானம் நிறைவேறியது.

நான் எழுதியது இவ்வளவே.
பின்னாளில் படிக்கிறவர்
ஒன்பது நிமிடத்தில் சபை ஏன் மனம் மாறியது என்று
தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.
அதனால் இதைத் தனியே,
சனிக்கிழமை வகுப்பில் கற்ற தமிழில் எழுதி வைக்கிறேன்.
இதற்கு மேயரின் ஒப்பம் தேவையில்லை.

ஆனால் தீர்மானம் பாலம் ஆகாது.
பிரெஃபெக்ட் அலுவலகத்தின் முத்திரை,
பிறகு ஒப்பந்தப்புள்ளி, பிறகு கிறிஸ்துமஸ் விடுமுறை.
முதல் சிமெண்டு பிப்ரவரியில்தான் விழுந்தது.
புயல் ஜனவரி ஒன்பதாம் தேதியே வந்துவிட்டது.

மறுநாள் சேதக் கணக்கெடுக்கப் போனேன்.
ஓடையின் மேல்பக்கம், சேறு அப்பி,
அதே லாரி குறுக்கே நின்றது.
கரும்பு ஏற்றும் கூண்டில்
விளிம்பு வரை கருங்கல்.

கல்லுக்கு அனுமதி கேட்கவில்லை அவள்.
இன்றுவரை பில்லும் அனுப்பவில்லை.
சேதப் பட்டியலில் பத்தொன்பது தலைப்புகள்.
இதை எதன் கீழ் எழுத?