ர-வுக்குக் கால் உண்டு

வேலூர் தாலுகா ஆபீஸ், வாரிசுப் பிரிவு, மூன்றாம் மேசை.
மே மாதம். ஃபேன் சுற்றுவது சத்தத்துக்காக மட்டும்.
சூப்பிரண்டு எத்திராஜுலு சார் சொல்லிவிட்டுப் போனார்:
"ஆளுக்கொரு எழுத்தில் அடிக்கிறீங்க.
ஒரே ஃபைலில் ஏழு முகம்.
நாளைக்குள்ள ஒண்ணை முடிவு பண்ணும்மா நவநீதா,
இனிமே எல்லா லெட்டரும் அதுலதான்."

நாளைக்குள்.
என் கல்யாணத்துக்கும்
இவ்வளவு அவகாசம்தான் தந்தார்கள்.

பட்டியலைத் திறந்தேன்.
பாதிக்கு மேல் பெண் பெயர்கள்,
ஓர் ஆறு, இரண்டு பூ, ஏதோ ஒரு ராகம்.
ஒவ்வொன்றையும் கூப்பிட்டு
ஒரே வரியைச் சொல்லச் சொன்னேன்:
'பார்வையில் காணும் தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது.'

ஒன்று அதைக் கல்யாணப் பத்திரிகையாகச் சொன்னது,
நான்கு மூலையில் மஞ்சள் தடவாததுதான் குறை.
ஒன்று இலவம்பாடிக் கத்தரிக்காய்,
காம்பெல்லாம் முள்.
இன்னொன்று அழகு, பொய் சொல்லக் கூடாது,
ழ-வின் வாலில் அப்படி ஒரு சுழி.
வாசல் ஜெராக்ஸ் கடையில்
இரண்டாம் நகலிலேயே புள்ளியெல்லாம் உதிர்ந்துவிட்டது.
'பாக்கி இல்லை' போய்
'பாககி இலலை' வந்தது.
புள்ளி போனதும்
மெய்யெல்லாம் உயிர்மெய்யாகி எழுந்து உட்கார்ந்தன.
இப்படி எழுந்து உட்கார்வது
வாரிசுப் பிரிவுக்கு நல்லதில்லை.

பக்கத்து மேசை ஷாஹிதா
தலை நிமிராமல் சொன்னாள்:
"எங்க ஏரியா பேரை அடிச்சுப் பாருக்கா."

சத்துவாச்சாரி.

பாதி எழுத்துருக்களில்
கடைசியில் இரண்டு குச்சிகள்.
எது கால், எது ர?
ஒன்றின் தலையில் கொக்கி இருப்பதால்
ஊகிக்கலாம், அவ்வளவுதான்.
அப்போதுதான் மரகதவல்லி ஞாபகம் வந்தார்.

காகிதப்பட்டறை. கணவர் தோல் ஷாப்பில் இருந்து
போன தை மாதம் இறந்தவர்.
நாங்கள் அனுப்பிய கடிதத்தை
மாகதவல்லி என்று வாசித்தது பாங்கி.
அடித்தவள் நான்.
சரியாகத்தான் அடித்தேன், ர-தான், விசை சாட்சி.
காகிதத்தில் இறங்கியதும்
ர-வும் காலும் ஒரே அச்சில் வார்த்த பிள்ளைகள்.
நான்கு நடை நடந்தார்.
நான்கு நாள் ஊதுபத்திக் கூலி போச்சு.
ஐந்தாம் நாள் கோபமே இல்லாமல் கேட்டார்:
"வேணும்னா பேரை மாத்திக்கட்டுமாம்மா?"

கால் என்று பேர் வாங்கிய குறிக்குக்
கால் கிடையாது. நேரே இறங்கி
அந்தரத்தில் நின்றுவிடும்.
கால் வேண்டியது ர-வுக்கு:
அடியில் சற்றே சாய்த்து
தரையில் ஊன்றிய ஒரு பாதம்.
அதைத்தான் தேடினேன்
கரண்ட் போய், யூபிஎஸ் கத்தி, திரும்ப வரும்வரை.

பட்டியலில் பத்தொன்பதாவது.
பேர் சொன்னால் மறந்துவிடுவீர்கள்,
நானே இரண்டு தடவை மறந்தேன்.
ழ-வுக்கு வால் ஒட்ட நறுக்கினதுபோல்.
ண-வுக்கு இடுப்பு கொஞ்சம் அகலம்.
ஆனால் புள்ளி மிளகுபோல் உட்கார்ந்திருக்கிறது,
ர ஊன்றி நிற்கிறது.
அளவு பதின்மூன்று:
பன்னிரண்டு கண்ணுக்கு ஆகாது,
பதினான்கு பேப்பர் இண்டெண்டுக்கு ஆகாது.

எத்திராஜுலு சார் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.
"லட்சணமா இல்லையே."
"இல்ல சார்."
"உனக்குப் பிடிச்சிருக்கா?"
பிடித்திருக்கிறதா என்று
அதுவரை நான் யோசிக்கவில்லை.
"பிடிச்சிருக்கு சார்."
கையெழுத்துப் போட்டார். அதில்
எந்த எழுத்தும் இல்லை, ஒரு மின்னல் மட்டும்.

புதன்கிழமை மரகதவல்லி வந்தார்.
புதிய எழுத்தில் முதல் கடிதம்.
பேர் இருந்த இடத்தை விரலால் காட்டினேன்.
"சரிம்மா" என்றார், பார்க்காமல்.
நாலாக மடித்து பிளாஸ்டிக் கவரில் போட்டார்.
மடிப்பு
சரியாக அந்த ர-வின் மேல் விழுந்தது.

அடுத்த டோக்கன் அதற்குள்
மேசைக்கு வந்துவிட்டது.