ஒன்பதாம் படி

பகலெல்லாம் கண்ணாடியில் பொருத்திய கம்பிதான்
ஹில்காவின் இமைகளைத் தூக்கிப் பிடித்திருக்கும்.
ரொட்டிக்கடை வரிசையில் அது நழுவினால்
தூங்கிவிட்டாள் என்று சிரிப்பார்கள்.
தூக்கமா?
அது ஹார்லிங்கன் துறைமுகத்துப் படகு.
இவள் போய்ச் சேர்வதற்குள் கிளம்பியிருக்கும்.

இரவு பத்துக்கு முகமூடியை நான் மாட்டிவிடுவேன்.
இயந்திரம் அவள் மூச்சைத் தள்ளிக் கொடுக்கும்.
அந்தச் சீறலில் தூங்கிப்போவது நான்தான்.
காலையில், பழக்கதோஷம்,
"நல்லாத் தூங்கினியா" என்று கேட்டுத் தொலைக்கிறேன்.
எட்டு மணி நேரம் படுத்திருந்தவள்
எட்டு மணி நேரம் மூட்டை தூக்கியவளாக எழுகிறாள்.
ஒரு சாக்ஸ். பிறகு ஓய்வு.
இன்னொரு சாக்ஸ் பல நாள் நாற்காலியிலேயே கிடக்கும்.

செல்லுக்குள் அடுப்பு சரியாக எரியவில்லை என்றார் டாக்டர்.
தாய்வழி வருவது என்றும் சொன்னார்.
அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

நேற்று ராத்திரி
சைக்கிளைச் சாத்திவிட்டு மேலே வந்த யெல்லே,
பதினாலு வயசு, இரண்டிரண்டாய்த் தாவி ஏறுகிறவன்,
ஒன்பதாம் படியில் நின்றான்.
"ஷூ லேஸ்" என்று குரல் கொடுத்தான், யாரும் கேட்காமலே.

நான் வாயெடுக்கப் போனேன்.
முகமூடிக்குள்ளிருந்து அவள் கை உயர்ந்து தடுத்தது.
பத்தாம் படி எப்போதும் கிறீச்சிடும்.
அதற்காகக் காத்திருந்தோம்.