கலங்கல்

மலையின் தலையை வெட்டியெடுத்து
பள்ளத்தில் கொட்டினார்கள்.
கம்பெனி நொடித்துப்போன பிறகு
கொட்டிக் கிடப்பதை யார் கட்டிக் காப்பது
என்ற கேள்வி மட்டும் மிஞ்சி
கோப்பாக என் மேசைக்கு வந்தது.
ஹேசல் ஓடை, கிழக்குக் கென்டக்கி.
நிலக்கரிக் கழிவு மேடு எண் ஏழு.
சரிவு, இரண்டுக்கு ஒன்று.

ஓடும் தண்ணீர் சுமக்கும்.
நிற்கும் தண்ணீர் இறக்கி வைக்கும்.
மணல் வந்த வேகத்தில் தரைதட்டும்,
வண்டலுக்கு ஒரு மணி நேரம் வேண்டும்,
களிமண் துகளோ
ஓரடி ஆழம் இறங்க ஒரு முழு நாள் எடுக்கும்,
வீட்டுக்குப் போக மனமில்லாதவன் போல.
என் வேலை அவ்வளவுதான்:
தலைதெறிக்க வரும் தண்ணீரை
கொஞ்சம் உட்கார வைப்பது.

ஐம்பதடிக்கு ஒரு படி வெட்டினேன், தாளில்.
படிக்கொரு வாய்க்கால். வாய்க்காலுக்குத்
தலையளவு கல், கல்லுக்கடியில் துணி.
எல்லாம் போய்ச் சேர ஒரு குளம்.
குளம் எவ்வளவு பெரிது?
அதை மழையிடம்தான் கேட்க வேண்டும்.

மழையைப் பற்றி அங்கே பேசக்கூடியவள் ஒருத்தி:
ஓர்ஃபா ஸ்டிடம், தபால் நிலைய அதிகாரி.
முப்பத்தொரு வருடம், காலை ஏழு மணிக்கு,
தபால் பையைப் பிரிக்கும் முன்
மழைமானியைப் பார்த்துப் பென்சிலால் எழுதியவள்.
கிறிஸ்துமஸ் அன்றும் எழுதியிருக்கிறாள்.
ஒரு மார்ச்சில் மட்டும்
நான்கு நாள் காலி.
ஐந்தாம் நாள்: புள்ளி ஒன்று இரண்டு அங்குலம்.
பக்கத்தில் ஒரு சொல், ‘டப்பா.’
எனக்குப் புரியவில்லை.
கணினிக்கு எல்லாம் புரிந்தது.
காலி இடங்களில் பூஜ்யம் போட்டுக்கொண்டு
நூறாண்டு மழை இவ்வளவுதான் என்றது.

வெர்லின் நேப்பியர் ஓடைமுகத்தில்
டிரெய்லர் வீட்டில் இருக்கிறான்.
“அந்த நாலு நாளா” என்றவன்
மேலே பேசாமல்
தேவாலயத்தைத் திறந்து
பியானோவின் வயிற்றைத் திறந்து காட்டினான்.
சுத்தியல்களின் இடுக்கில்
சாம்பல் நிறத்தில் உலர்ந்த சேறு.
“கழுவலையா?”
“மூணு தடவை. பியானோவாவது கிடைச்சுது.
தபாலாபீஸ்தான் கடைசிவரைக்கும் கிடைக்கல.”
ஓர்ஃபா?
“மரத்து மேல. உசிரோட.
இறங்கினதும் ஒரு காபி டப்பாவை நட்டு
மழை பிடிச்சா.”

டேப்பை நீட்டினேன்.
தரையிலிருந்து சேற்றுக்கோடு வரை
நாற்பத்தோரு அங்குலம்.
அதிலிருந்து வெள்ளத்தை,
வெள்ளத்திலிருந்து மழையைப்
பின்னோக்கிக் கணக்கிட்டு வந்தேன்.
வாசலில் இருந்தவர் வழுக்கியதை
தடத்தை வைத்துச் சொல்வது போலத்தான்.
குளத்தின் கரை மூன்றடி உயர்ந்தது.
கலங்கல் இருமடங்கு அகன்றது.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரே வரி:
உயர்த்தியதற்கு ஆதாரம்?
‘பியானோ’ என்று தட்டச்சு செய்தேன்.
அழித்தேன்.
‘களத்தில் கண்ட வெள்ளக் குறி’ என்று எழுதினேன்.
கையெழுத்து வந்துவிட்டது.

அக்டோபரில் முதல் பெருமழை.
வாய்க்கால்கள் பால் கலந்த காபியாய் இறங்கின,
ஒரு இடத்தில் கல் பெயர்ந்தது,
வைக்கோல் வரப்பு ஒன்று
என்னையே கேலி செய்வது போல் மிதந்துபோனது.
கரை நின்றது.
கலங்கலைத் தாண்டிய நீரில்
கலங்கல் கொஞ்சம் இருந்தது, சட்டத்துக்கு உட்பட்டு.
ஒரு கண்ணாடிச் சீசாவில் பிடித்து
வெர்லினின் ஜன்னலில் வைத்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை போனபோது
அடியில் விரல்கனம் கூட இல்லை, ஒரு நகக்கனம் சேறு.
மேலே, அவன் வேலியும் கோழிகளும்
தலைகீழாய்த் தெரியும் அளவுக்குத் தெளிவு.
“நல்லாத்தான் தெளிஞ்சிருக்கு” என்றான்.
“நீ குடிப்பியா?”

கரைந்தது எந்தக் குளத்திலும் உட்காராது.
உப்பும் கந்தகமும் தெளிவுக்குள்ளேயே
ஓடையோடு போகும்,
அதற்கு நான் வரைபடம் போடவில்லை,
யாரும் கேட்கவுமில்லை.

“மாட்டேன்” என்றேன்.
தலையசைத்து
சீசாவைத் திரும்ப ஜன்னலிலேயே வைத்தான்,
அசையாமல்,
அடிச்சேறு எழும்பிவிடாமல்.