வீண் என்று எழுதிய படம்

கரூ மேட்டுநிலம். ஆகஸ்ட்.
குவிமாடக் கதவிடுக்கில் உறைந்த பனியை
மண்வெட்டிக் காம்பால் தட்டிவிட்டு உள்ளே வருகிறாள்
மக்ரீத்தா ஃபோர்ட்டைன்.
இரவு ஆபரேட்டர். பத்தொன்பது வருடம்.
விண்மீன்களைப் பற்றி அவளிடம் யாரும் கேட்பதில்லை.
காற்று எப்படி என்றுதான் கேட்பார்கள்.

இன்று கேட்டது வேறு.
பக்கத்துச் சுருள் மண்டலத்தில்
(பக்கம் என்றால் இரண்டு கோடி ஒளியாண்டு)
திங்களன்று இல்லாத வெளிச்சம்
செவ்வாயன்று இருக்கிறது.
கோடானுகோடி மீன் கலந்த புகைச்சுழியில்
அது ஒன்று மட்டும் தனியாக,
கல்யாணக் கூட்டத்தில் யாரோ
ஓங்கி அழுதாற்போல.

"வெடிப்பதற்கு முன் அது யார்?"
பிரிட்டோரியாவிலிருந்து ரெஃபீல்வே.
போனுக்குப் பின்னால் அவள் குழந்தை இருமுகிறது.
"பழைய படம் ஏதாவது?"

பெரிய தொலைநோக்கிகள் அந்தச் சுருளை எடுத்திருக்கின்றன.
இரண்டு விரற்கடை முன்னாலேயே
சட்டம் முடிந்துவிடுகிறது.
மிச்சம் ஒன்றுதான்.
பதினோரு வருடம் முந்தையது, இதே கண்ணாடியில்.
குறிப்பேட்டில் மக்ரீத்தாவின் கையெழுத்து:
காற்று. கலங்கல். வீண்.

அந்த இரவு நினைவிருக்கிறது.
காற்று மட்டும் காரணமில்லை.
பண்ணையிலிருந்து தம்பி ஹெர்க்லாஸ் கூப்பிட்டான்:
தலையீற்று ஆடு, பின்கால் முதலில் வருகிறது,
உன் கை சின்னது, வா.
குறிமீன் நழுவியதை அவள் பார்க்கவில்லை.
நாற்பது நிமிடப் படத்தில்
மீனெல்லாம் அரிசியாய் நீண்டுகிடந்தது.
மூன்று சொல் எழுதிவிட்டு ஓடினாள்.
குட்டி பிழைத்தது. தாய் இல்லை.

இப்போது அந்த அரிசியைப் புடைக்கிறார்கள்.
புதியதைப் பழையதன்மேல் வைத்து,
மீனுக்கு மீன் பொருத்தி,
இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்,
நில்.

ஒரு நொய்.
சிவப்பு. தன் தூசியையே போர்த்தியது.
பன்னிரண்டு சூரிய எடை, ஆறே கட்டத்தில்.
உள்ளே அப்போது கரி தீர்ந்துகொண்டிருந்திருக்கும்.
இரும்பு திரள்வது கடைசி ஓரிரு நாள் வேலை.
சரிவதற்கு ஒரு நொடிகூட வேண்டாம்.
முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நான் எடுத்தபோது உயிரோடு இருந்ததா?"
ரெஃபீல்வே சிரிக்கிறாள், பிறகு சிரிக்கவில்லை.
"இந்த மலையில் மனிதக் காலடி படுமுன்னே
போய்விட்டது, மக்ரீத்தா.
ஆனால் அந்தப் பதினோரு வருடம் நிஜம்.
அங்கேயும் பதினோரு வருடம்தான்."

இதுதான் அது என்று இன்னும் சொல்ல முடியாது.
வெளிச்சம் வடிய வேண்டும். மூன்று வருடமோ, நாலோ.
வடிந்தபின் அதே இடத்தை மறுபடி எடுத்து,
அந்த ஆறு கட்டமும் காலி என்றால்
அப்போது சொல்லலாம்.

"இல்லாததையா படமெடுக்கச் சொல்கிறாய்?"
"காற்றில்லாத இரவாய்ப் பார்த்து."

பழைய குறிப்பேட்டில்
'வீண்' என்பதை அவள் அடிக்கவில்லை.
பக்கத்தில் இன்றைய தேதியை மட்டும் இட்டாள்.
பேனா மை உறைந்து
கடைசி எண் பாதியில் நின்றது.

வெளியே தகரம் அடித்துக்கொண்டது.
காற்றுமானி நாற்பத்தெட்டு, ஐம்பது, ஐம்பத்தைந்து.
குவிமாடத்தைச் சாத்தப் போனாள்.