எங்கும் போகாத கப்பல்

படிவத்தின் ஏழாம் கேள்வி:
உதவியின்றி எத்தனை அடி நடப்பீர்கள்?
வெண்பாவே நாலடியில் முடிந்துவிடுகிறது.
நான் பன்னிரண்டு என்று எழுதினேன்.
மழைநாளில் ஒன்பது.
அதற்குக் கட்டம் இல்லை.

ஹபீபா தையல் நாடாவோடு வந்தாள்.
சக்கரத்துக்குச் சக்கரம் அறுபத்து மூன்று சென்டிமீட்டர்.
அறைக்கதவு எண்பது,
குளியலறை நிலைப்படி இரண்டு விரல் உயரம் என்று
முகவர் மூன்று முறை சொன்ன பிறகே
பணம் கட்டினோம்.
மூன்று இரவு. நடுவில் ஊரே கிடையாது.
மரினா பேயில் ஏறி மரினா பேயில் இறங்குவது.
"எங்கேயும் போகாததுக்கா இவ்வளவு காசு?"
அவள் அண்ணன் கேட்டார்.
யீஷூனில் நூலகம் போகவே
இரண்டு மின்தூக்கி, ஒரு பேருந்து, ஒரு சரிவுப்பாதை என்று
கணக்குப் பார்க்கிறவளுக்கு
எங்கேயும் என்பது
நல்ல ஊராகத்தான் பட்டது.

ஏறும்போது வற்று நேரம்.
கப்பல் தாழ்ந்து கிடக்க
பாலம் சறுக்குமரமாகிவிட்டது.
ரொமெல் என்ற சிப்பந்திப் பையன்
நாற்காலியைத் திருப்பிப் பின்புறமாக இறக்கினான்.
கப்பல் எப்படி இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.
ஊர் மெல்ல மேலே போவதைத்தான் பார்த்தேன்:
பாரந்தூக்கிகள், கண்ணாடிக் கட்டடங்கள்,
பிறகு ஹபீபாவின் செருப்பு.

தாழ்வாரத்துக் கம்பளம் சேறு மாதிரி.
நாலு அறை தாண்டுவதற்குள் தோள் கழன்றது.
திரும்பிப் பார்த்தால் இரண்டு கோடு.
ஒன்பதாம் தளத்தில்
எனக்கென்று ஒரு தண்டவாளம்.
காலையில் தூசு உறிஞ்சும் எந்திரம் அழித்துவிடும்.
மறுபடி போட்டேன்.

மின்தூக்கி ஐந்து முறை நிரம்பி வந்தது.
உள்ளே நிற்பவர்கள் எண்களைப் பார்ப்பார்கள்,
எண்கள் அவ்வளவு அழகு போலும்.
ஆறாவது முறை
பூச்சட்டைக்காரர் ஒருவர்
என் கால்தாங்கியைத் தாண்டி உள்ளே போனார்.
சாரி என்றார்.
கதவு மூடிக்கொண்டது.
மேலே, சாப்பாட்டுக் கூடத்தில்,
ஓர் அம்மாள் என் கையைப் பிடித்து
நீங்கள் தைரியசாலி என்றார்.
நான் மீ கோரெங் எடுத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் இரவு, டிசம்பர்,
தென்சீனக் கடல் தோளைக் குலுக்கியது.
மூலையில் நிறுத்திய நடைவண்டி
தானாக இரண்டடி முன்னால் வந்து
சொல்ல வந்ததை மறந்ததுபோல்
திரும்பிப் போனது.
நடை பழகும் பிள்ளைக்கும் எனக்கும்
ஒரே பெயரில் சாமான் வைத்திருக்கிறது தமிழ்.

ஹபீபாவுக்கு வாந்தி.
இஞ்சி மிட்டாய் தேடி நான்தான் கிளம்பினேன்.
தாழ்வாரம் முழுக்கக் கைப்பிடியைப் பற்றிய மனிதர்கள்,
ஒரு கால் வைத்து, நின்று,
யோசித்து, மறு கால் வைத்து.
அந்த நடை எனக்குத் தெரிந்த நடை.
கப்பல் சாய்ந்தபோது
நான் இரண்டு பிரேக்கையும் அழுத்தினேன்.
என் நாற்காலியின் மேல் வந்து விழுந்தது
பூச்சட்டை.
"பிடிச்சுக்குங்க. நகராது."
பிடித்துக்கொண்டார். அவர் மனைவி அவரை.
யாரோ ஒரு சிறுவன் அந்தம்மாளை.
கொஞ்ச நேரம்
ஒரு ரயில் மாதிரி
நகராமல் இருந்தோம்.

மறுநாள் கடல் தட்டை.
மின்தூக்கி நிரம்பி வந்தது.
பூச்சட்டைக்காரர் உள்ளே இருந்தார்.
எண்களைப் பார்த்தார்.

கடைசி இரவு, ஹபீபா தூங்கிய பிறகு,
சக்கரம் வேண்டாமென்று எழுந்தேன்.
கட்டிலிலிருந்து பால்கனிக் கம்பி வரை ஐந்து.
தொலைவில் சிங்கப்பூர்.
வாசலில் நங்கூரமிட்டு
அழைப்புக்காகக் காத்திருக்கும் சரக்குக் கப்பல்கள்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கு.
கம்பி ஈரமாக, உப்பாக இருந்தது.
நக்கிப் பார்த்தேன், சொல்லாதீர்கள்.
திரும்பி வர ஐந்து.

இறங்கும்போது ஏற்றநீர்.
பாலம் மட்டமாகக் கிடந்தது.
ரொமெல் கையை நீட்டினான்,
பையை மட்டும் கொடுத்தேன்.

பன்னிரண்டில் பத்துப் போக
கையில் மீதி இரண்டடி.