ஐந்தாவது பொருள்

ஆண்மகனுக்கு ஐந்து வேண்டும் என்பார்கள் இங்கே:
வீடு, மனைவி, குதிரை, குறுவாள், பறவை.
வர்தோயோவுக்கு வீடு இருக்கிறது,
ஓடு மாற்ற வேண்டும்.
குதிரை, தவணையில் வாங்கிய ஹோண்டா.
குறுவாளை அவர் அண்ணன் எப்போதோ விற்றுவிட்டார்,
உறை மட்டும் அலமாரிக்குப் பின்னால் கிடக்கிறது.
இரண்டாவது நான்.
ஐந்தாவது
முற்றத்தில், ஏழு மீட்டர்க் கம்பத்தின் உச்சியில்,
பந்துல் முழுக்க அண்ணாந்து பார்க்கும்படி
மூங்கில் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

பெயர் மெண்டுங். மேகம் என்று அர்த்தம்.
கழுத்தில் வரிவரியாய்,
ஒரு பிடி சாம்பல் கண் திறந்த மாதிரி.
விலை கேட்டேன்.
மூன்று தடவையும் மூன்று விலை சொன்னார்.

காலையில் கயிற்றை இழுத்து ஏற்றுவது அவர்.
கப்பி கிரீச்சிடும், தெருவே எழுந்துவிடும்.
மாலையில் இறக்குவது அவர்.
மற்றதெல்லாம் நான்.
தினை மூன்று பங்கு, கறுப்பு ஒட்டரிசி ஒரு பங்கு;
புறா உமி உரிக்காது, அப்படியே விழுங்கும்,
அதனால் தூசி போகப் புடைத்தே வைக்க வேண்டும்.
குடலுக்குள் அரைக்கக் கொஞ்சம் செங்கல் பொடி,
கொத்துவதற்குக் கணவாய் ஓடு.
கம்பத்தின் அடியில் எண்ணெய்த் துணி, எறும்புக்கு.
வெள்ளிக்கிழமை வெற்றிலை ஊறிய நீரில் குளியல்.
எச்சத் தட்டுக்குத் தினமும் புதிய செய்தித்தாள்:
அமைச்சர், கால்பந்து, கல்யாண மண்டப விளம்பரம்,
எல்லார் மேலும் ஒரே நீதி.
தண்ணீர் குடிக்கும்போது மட்டும் நின்று பார்ப்பேன்.
கோழி மாதிரி வானத்துக்குக் கணக்குச் சொல்லாது,
மூக்கை முக்கி
ஒரே உறிஞ்சு.

எல்லாம் சரி, கூவவில்லை.
நான்கு மாதம்.
கைபேசியில் வேறு புறாக்களின் குரலைப் போட்டுக் காட்டினார்.
கம்பத்தைப் பிடுங்கிக் கிழக்கே நட்டார்.
"படம் ஒன்று வாங்கி மாட்டியிருக்கலாமே,
தினைச் செலவு மிச்சம்" என்றார் பக்கத்து வீட்டு குனார்சோ.
அன்று இரவு வர்தோயோ சாப்பிடவில்லை.

மறுநாள் அவர் பட்டறைக்குப் போன பிறகு
கூண்டை இறக்கிக் கழுவிவிட்டு
முறத்தை எடுத்து உட்கார்ந்தேன்.
சர்ர்... சர்ர்...
குர். கெதெக்குக். குக்.
கை நின்றது. அதுவும் நின்றது.
சர்ர்...
குர். கெதெக்குக். குக்.
கிணற்றுக்குள் யாரோ ஒரு கூழாங்கல்லை
மெதுவாக, மூன்று தவணையாய்ப் போடுவது போல.

சொல்லவில்லை.
பதினோரு நாள் சொல்லவில்லை.
ஐந்து இல்லாவிட்டாலும்
எனக்கும் ஒன்றாவது வேண்டாமா?

ஸ்லேமான் போட்டிக்கு முந்தைய இரவு
பாயில் புரண்டுகொண்டே இருந்தார்.
பொறுக்கவில்லை, சொல்லிவிட்டேன்.
சிரித்தார்.
விடியற்காலையில் ஹோண்டா கிளம்பியபோது பார்த்தேன்,
அவர் முதுகில், துண்டால் சுற்றிக் கட்டி,
என் முறம்.

நடந்ததை குனார்சோவின் மகன்தான் சொன்னான்.
நாற்பது கம்பம், நாற்பது கூண்டு,
நடுவர்கள் குறிப்பேட்டோடு நடக்கிறார்கள்.
மூச்சு விடாத கூட்டத்தில்
கயிற்றுக்கு வெளியே ஒரு ஆள்
முறத்தைத் தூக்கித் தூக்கிப் போடுகிறார்.
தினை தலையில், தோளில், நடுவரின் தொப்பியில்.
எங்கிருந்தோ சிட்டுக்குருவிகள் வந்து இறங்கின.
வேறு கூண்டுகளில் பொறாமைக் கூச்சல்.
மெண்டுங் மட்டும்
தலை சாய்த்து அவரையே பார்த்ததாம்,
தெரியாத ஊரில் தெரிந்த பாஷையைத்
தப்பாகப் பேசுகிறவனைப் பார்ப்பது போல.

இருட்டிய பிறகு வந்தார்.
கூண்டை மாட்டினார்.
விளிம்பு பிய்ந்த முறத்தை
அடுப்படி ஓரமாகச் சாய்த்து வைத்தார்.
தேநீர் ஆறும்வரை எதுவும் பேசவில்லை.

பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:
"அது மணிக்கட்டா? தோளா?"

முறத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன்.
இரண்டு பிரம்பு வைத்துக் கட்டினால் போதும்.
"முதலில்," என்றேன்,
"கப்பிக்கு எண்ணெய் போடுங்கள்."