எச்சில் வரைபடம்

புந்தா அரேனஸில் அன்று
ஆளைத் தூக்கிப் போடும் காற்று.
எங்கள் மருத்துவமனையின் ஜன்னல்களுக்கே
பல் கிட்டிப்போயிருந்தது.

பயிற்சி கொடுக்க வந்த யஸ்னா குசானோவிச்
சின்னக் குப்பியொன்றைத் திறந்தாள்.
நிறமில்லை, மணமில்லை.
'இன்றைக்கு இதுதான் எச்சில்' என்றாள்.
'வழக்கம்போல் வேலை செய்.
யாரும் பார்க்காதபோது செய்வாயே, அப்படி.'

நோயாளியாக உட்கார்ந்தவர்
இரவுக் காவலர் எரிபெர்த்தோ மான்சீயா.
மதிய உணவுச் சீட்டு ஒன்று தருவதாகப் பேச்சு.
நாக்கில் நான்கு சொட்டு விட்டதும்
'பழைய நண்டுக்கு இது தேவலை' என்றார்.

பதினொரு வருஷமாக எக்ஸ்ரே எடுக்கிறேன்.
என் கைகள் இப்போதெல்லாம்
என்னைக் கேட்பதில்லை.
ஈய அங்கியைப் போர்த்தின.
மவுஸுக்கும் பொத்தானுக்கும் படலம் சுற்றின.
சென்சாருக்கு உறை மாட்டி
நுனியில் காற்றை நீவி வெளியேற்றின.
அந்தக் கருப்புச் சில்லை
ஆட்டோகிளேவில் வேக வைக்க முடியாது;
பட்டுப் புடவை மாதிரி
செல்லமாகத்தான் துடைக்க வேண்டும்.

கடைசிக் கடைவாய்ப்பல்லில்
மான்சீயாவுக்குக் குமட்டியது.
கண்ணில் நீர் முட்டியது.
'மூக்கால் மூச்சு விடுங்கள். கால்விரலை ஆட்டுங்கள்.'
வெளியே போனேன். அழுத்தினேன். உள்ளே வந்தேன்.
ஆறு படங்களுக்கு ஆறு முறை.

திரையில் வேர்கள் வந்தன.
ஒன்றின் நுனியில் மட்டும்
உளுந்தளவு இருட்டு.
அது நாடகத்தில் இல்லாதது.
யாரும் சிறிது நேரம் பேசவில்லை.

பிறகு யஸ்னா விளக்கை அணைத்து
ஊதா விளக்கை ஏற்றினாள்.

கையுறை மினுங்கியது. சரி, எதிர்பார்த்ததுதான்.
சென்சாரின் ஒயர்
சுவர்வரைக்கும் மினுங்கியது.
பொத்தானில் படலம் முடிகிற ஓரம்.
மவுஸின் அடிவயிறு.
கதவுக் கைப்பிடி.
இழுப்பறை; ஏன் திறந்தேன்? ஞாபகமில்லை.
உறை கழற்றும்போது
சென்சாரின் மூக்கில் ஒரு பொட்டு.
என் மூக்குக் கண்ணாடியின் நடுவில்,
முகக்கவசத்தில்,
காதோர முடியில் ஒரு கீற்று.

எச்சில் கையால் காக்கை ஓட்டாதவள் என்று
என்னை ஒருவரும் ஏச முடியாது.
அந்தக் கையை
அறை முழுக்க வாரி வழங்கியிருக்கிறேன்.

சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
யஸ்னா எண்ணிக்கொண்டே போனாள்.
பதினாறு என்று சொல்லிவிட்டு
விளக்கை மான்சீயாவின் பக்கம் திருப்பினாள்.

அவருடைய இடது புஜத்தில்,
நீலச் சட்டைத் துணியில்,
நான்கு விரலும் ஒரு கட்டைவிரலும்
அச்சாக, பச்சையாக.

எப்போது வைத்தேன்?
குமட்டியபோதாக இருக்கும்.
என் கை தானாகப் போய்
அவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.
மான்சீயா குனிந்து பார்த்தார்,
பதக்கம் குத்தியவரைப் போல.

'பதினேழு' என்றாள் யஸ்னா,
குரலைக் கொஞ்சம் இறக்கி.

மத்தியானம் முழுக்கத் துடைத்தோம்.
இரண்டு நிமிஷம் ஈரம் காயக்கூடாது என்று
கிருமிநாசினி லேபிளில் இருக்கிறது.
இருபது நொடிக்குமேல் நான் காத்ததேயில்லை.
இன்று கடிகாரத்தைப் பார்த்து நின்றேன்.
இரண்டு நிமிஷம் என்பது
அவ்வளவு நீளம் என்று தெரியாது.

மான்சீயாவுக்கு உணவுச் சீட்டோடு
வேர் சிகிச்சைக்குத் தேதியும் கிடைத்தது.
வியாழக்கிழமை. பயப்படுகிறார்.
கையுறையைக் கழற்றி, கழுவி, உலர்த்தி,
அதற்குப் பிறகுதான் தொடுவேன்.
தொடாமல் இருக்க மாட்டேன்.

மாலையில் வெளியே வந்தால்
தெருமுனைகளில் கயிறு கட்டியிருந்தார்கள்,
காற்று பெரிதாகும் நாளில் கட்டுவதுபோல.
முன்னால் ஒரு மீனவர்,
பள்ளிப் பையோடு ஒரு பெண்,
அவளுக்குப் பின்னால் நான்.
கழுவிக் கழுவித் தோல் வெடித்த கையால்
பிடித்தேன்.
அவள் விட்ட இடத்தில்
கயிறு இன்னும் சூடாக இருந்தது.